காசில் இருக்கும் தலை யாருடையது?

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, என் பள்ளித் தோழனின் மகன் கற்பிட்டியிலிருந்து கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தான். உள்ளங்கையில் சட்டைப் பொத்தான் அளவு ஒரு செப்புக் காசு. கீழே எழுதியிருந்தான்: "மாமா, இது நீரோ மன்னனுடைய தலையாம். வாங்குவதற்கு ஓர் ஆள் வந்திருக்கிறார். உண்மையா என்று பார்த்துச் சொல்லுங்கள்."

இதை வாசிக்கும் உங்களுக்கு ஒருவேளை சிரிப்பு வரலாம். எனக்கு வரவில்லை. ஏனென்றால் அந்தக் கரையில் நீரோ மன்னனை முதன்முதலில் கண்டுபிடித்தவன் அடியேன்தான்.

அது 1996. கொழும்பில் ஒரு பத்திரிகையில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது, கிணறு வெட்டிய இடத்தில் மணலோடு வந்ததென்று ஒரு முதியவர் சிறு காசொன்றைக் கொண்டுவந்து காட்டினார். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். வலப்புறம் நோக்கிய ஒரு தலை. அதன் முன்னும் பின்னும் எழுத்துகள் இருந்து தேய்ந்த தடம். அவற்றுள் ஒன்றே ஒன்று தெளிவாகத் தெரிந்தது: இலத்தீன் 'என்'. பல்கலைக்கழகத்தில் வரலாற்றைப் பாடமாகப் பயின்றவன் என்ற மிதப்பு அப்போது எனக்கு நிறைய இருந்தது. 'என்' என்று தொடங்கும் உரோமப் பேரரசர் யார்? நீரோ. வேறு யார் இருக்க முடியும்? கற்பிட்டியில் நீரோ மன்னனின் நாணயம் என்று தலைப்பிட்டு, அதன் முடிவில் ஆச்சரியக்குறியையும் நானே போட்டேன். செய்தி படத்துடன் வெளிவந்தது. ஊரில் எனக்கு மாலை போடாத குறைதான்.

பத்து நாட்கள் கழித்து நீல மையில் எழுதிய ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் இலத்தீன் கற்பித்து ஓய்வு பெற்ற ஒரு கத்தோலிக்கக் குருவானவர். கண்டனம் எதுவும் இல்லை. மூன்று கேள்விகள் மட்டும் இருந்தன. அந்தத் தலையில் சூடியிருப்பது என்ன? காசின் குறுக்களவு எத்தனை மில்லிமீற்றர்? பின்புறத்தில் என்ன இருக்கிறது? மூன்றில் முதலாவதற்கு மட்டுமே என்னால் விடை சொல்ல முடிந்தது, அதுவும் அச்சான படத்தைப் பார்த்து. தலையைச் சுற்றி ஒரு பட்டி. அதன் இரு ஓரங்களிலும் முத்துக்கோவை போலப் புள்ளிகள்.

நீரோ முத்துப்பட்டி சூடியதில்லை. அந்த வழக்கம் நீரோவுக்கு ஏறத்தாழ இருநூற்றறுபது ஆண்டுகளுக்குப் பின், கொன்ஸ்தந்தைன் காலத்தில் காசுகளில் வருவது. நான் கண்ட 'என்' நீரோவின் முதலெழுத்தும் அன்று. பிற்காலப் பேரரசர் எல்லோருடைய பெயருக்கும் முன்னால் 'டி', 'என்' என்று இரண்டு எழுத்துகள் நிற்கும். 'டோமினுஸ் நோஸ்டர்', அதாவது 'நம் தலைவர்' என்பதன் சுருக்கம். 'டி' தேய்ந்து போக, 'என்' எஞ்சியிருந்தது. நம் ஊர்க் கடிதங்களில் 'திரு' என்பதை ஆளின் பெயராக வாசித்ததற்கு ஒப்பான காரியத்தை நான் செய்திருந்தேன்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு பொறுப்பாசிரியரிடம் சென்றேன். திருத்தம் வெளிவரவில்லை. அவரைக் குறை சொல்வதில் பயனில்லை. நானும் இரண்டாவது முறை கேட்கவில்லை. முதியவரின் காசை அதற்குள் யாரோ ஒருவர் வாங்கிச் சென்றுவிட்டார், அநேகமாக என் செய்தியின் பலத்தில். காசு போனது போனதுதான். ஆனால் செய்தி போகவில்லை. சில ஆண்டுகளின் பின் ஒரு பாடசாலை நூற்றாண்டு மலரில், கிறிஸ்துவுக்குப் பின் முதலாம் நூற்றாண்டிலேயே உரோமர் கற்பிட்டியில் வணிகம் செய்தனர் என்பதற்குச் சான்றாக அதைக் கண்டேன். பின்னர் புலம்பெயர்ந்தோர் வெளியிட்ட ஒரு மலரில் மீண்டும் கண்டேன். அடிக்குறிப்பில் என் பெயர் வேறு. மறுப்பதற்கு என்னிடம் அந்தக் காசு இல்லை. ஒரு பழைய படமும், ஒரு குருவானவரின் கடிதமும்தான்.

நிற்க. உரோமக் காசில் தலையைப் பார்த்து ஆளைச் சொல்லவே முடியாதா என்று கேட்பீர்கள். முடியும், முந்திய காலத்துக் காசாக இருந்தால். முதல் இரண்டு நூற்றாண்டுகளில் காசுக்கு அச்சு வெட்டிய கைவினைஞர் உண்மையான முகத்தைப் பார்த்துத்தான் வெட்டினர். வெஸ்பாசியனின் (69–79) வழுக்கையும் நெற்றிச் சுருக்கமும் கிராமத்துச் சந்தையில் பேரம் பேசும் ஒரு கிழவரை நினைவூட்டும். நீரோ 54ஆம் ஆண்டில், பதினாறு வயதில் அரியணை ஏறியபோது மெலிந்த பையன். 68இல் இறக்கும்போது முப்பது வயதுதான், ஆனால் காசில் கழுத்து தாடையோடு சேர்ந்து பருத்துவிட்டது. ஹேட்ரியனுக்கு (117–138) முன் பேரரசர் தாடி வைத்துக் காசில் தோன்றும் வழக்கமில்லை. அவருக்குப் பின் தாடி வழக்கமாகிவிட்டது. அக்காலத்திலும் அச்சு எப்போதும் உண்மை சொன்னது என்றில்லை. அகஸ்டஸ் எழுபத்தைந்து வயதில் இறந்தார், காசிலோ கடைசிவரை இளைஞர்தான். நம் அரசியல்வாதிகளின் சுவரொட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதினமாக இராது.

நான்காம் நூற்றாண்டுக்கு வந்தால் கதை முற்றாக மாறிவிடும். கொன்ஸ்தந்தைனின் மக்கள், வலன்டீனியன், வலென்ஸ், தியோடோசியுஸ், ஆர்க்காடியுஸ், ஹொனோரியுஸ் ஆகிய அனைவருக்கும் ஒரே முகம். அகன்ற கண், நேரான மூக்கு, முத்துப்பட்டி, தோளில் ஊசி குத்திய மேலாடை. இது மனிதனின் முகமன்று, பதவியின் முகம். தாடி வைத்த யூலியன் (361–363) ஒருவரைத் தவிர மற்றவரை முகத்தால் பிரிப்பது நிபுணருக்கும் அரிது. சுற்றியுள்ள எழுத்தே துணை. ஆனால் இக்காசுகள் மிகச் சிறியவை, பெரும்பாலும் 12 முதல் 15 மில்லிமீற்றர்தான். அச்சு பெரிதாகவும் தகடு சிறிதாகவும் இருந்தால் எழுத்து தகட்டுக்கு வெளியே போய்விடும். மிஞ்சியதை நூற்றாண்டுகளின் கைகளும் உப்புக்காற்றும் தின்றுவிடும்.

இதிலே நாம் கவனிக்க வேண்டியது, இலங்கையில் கிடைத்துள்ள உரோமக் காசுகளில் மிகப் பெரும்பாலானவை இந்த வகையினவே என்பது. 1924இல் இலங்கை நாணயங்கள் பற்றி நூல் எழுதிய கொட்றிங்ரன் காலந்தொட்டு இது தெரிந்த செய்தி. முதலாம் நூற்றாண்டு வெள்ளிக் காசுகளும் பொற்காசுகளும் குவியல் குவியலாகக் கிடைத்தது தமிழகத்திலும் கேரளத்திலும் ஆந்திரத்திலும். இலங்கையில் அவை அரிது. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுச் செப்புக் காசுகளே மிகுதி. மாத்தறைப் பக்கத்தில் இவை ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. அவற்றிலும் ஒரு பெரும் பகுதி உரோமில் அடித்ததே அல்ல. உரோமக் காசைப் பார்த்து இங்கேயே அடித்த போலச்செய்தவை. இலத்தீன் தெரியாத கம்மியர் எழுத்திருந்த இடத்தில் கோடுகளைக் கீறி வைத்தனர். அந்தத் தலைக்கு எந்தப் பேரரசரின் பெயரைச் சூட்டுவது? பிரதிக்குப் பிரதி எடுத்த தலை அது.

ஆகவே நம் கரையில் ஒருவர் ஒரு சிறு செப்புக் காசைக் காட்டி இது இன்ன பேரரசர் என்று உறுதியாகச் சொன்னால், அவர் ஒன்று பின்புறத்தையும் எழுத்தையும் படித்தவர், அல்லது விற்க வந்தவர், அல்லது பத்திரிகைக்காரர்.

நற்செய்தி நூல்களில் வரிக்காசைக் கையில் வாங்கிய இயேசு, அதிலுள்ள உருவம் யாருடையது என்று மட்டும் கேட்கவில்லை. உருவமும் எழுத்தும் யாருடையவை என்று இரண்டையும் சேர்த்தே கேட்டார். இதை எனக்குச் சுட்டியதும் அந்தக் குருவானவரின் கடிதந்தான்.

இந்தக் கரைக்கும் உரோமக் காசின் தலைகளுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. பிளினி தம் இயற்கை வரலாற்றின் ஆறாம் நூலில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். செங்கடல் வரிகளைக் குத்தகை எடுத்திருந்த அன்னியுஸ் புளோக்காமுஸ் என்பவரிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒருவன், அரேபியாவைச் சுற்றிவரும்போது வடகாற்றில் அகப்பட்டு, பதினைந்தாம் நாள் தப்ரபேன் தீவின் ஹிப்புரோஸ் என்ற துறையை அடைந்தான். மன்னன் அவனை ஆறு மாதம் வைத்து உபசரித்தான். அவனிடமிருந்த உரோம வெள்ளிக் காசுகளைப் பார்த்த மன்னன் வியந்தான்: தலைகள் வெவ்வேறு, ஆகவே அடித்தவர் பலர், ஆனால் எடை ஒன்றாக இருக்கிறதே! இப்படிப்பட்டவர் நேர்மையானவராகத்தான் இருக்க வேண்டுமென்று எண்ணி, ராக்கியாஸ் என்பவரைத் தலைவராகக் கொண்ட நான்கு தூதரைக் கிளாடியுஸ் பேரரசரிடம் அனுப்பினான்.

உரோமரின் பெருமையை உரோமர் ஒருவர் எழுதியது இது. உப்புப் போட்டுத்தான் உண்ண வேண்டும். ஆயினும் அந்த மன்னன் செய்த காரியத்தைக் கவனியுங்கள். தலைகள் யாருடையவை என்று அவனுக்குத் தெரியாது, தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. வெவ்வேறு என்பதை மட்டும் கண்டான். பிறகு எடை பார்த்தான். பல்கலைக்கழகம் போகாத அவன் என்னைவிட நல்ல நாணயவியலாளன். (அவன் மெச்சிய எடையைப் பின்னாளில் குறைத்தவர் நம் நீரோதான். ஓர் உரோம இறாத்தல் வெள்ளியில் 84 காசு அடித்த இடத்தில் 64ஆம் ஆண்டளவில் 96 அடிக்கத் தொடங்கினார். வெள்ளியின் தூய்மையையும் குறைத்தார்.)

ஹிப்புரோஸ் என்பதில் குதிரையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ஒலிப்பதால், அது புத்தளம் மாவட்டத்துக் குதிரைமலைதான் என்று நீண்ட காலமாகச் சொல்லிவருகிறார்கள். வில்பத்துக் காட்டின் கடலோரத்தில் செம்மண் நிறத்தில் எழுந்து நிற்கும் முனை அது. பொருத்தம் நன்றாகத்தான் இருக்கிறது. என் மனமும் அப்படியே இருக்கட்டும் என்றுதான் விரும்புகிறது. ஆனால் பெயரொலி ஒன்றைத் தவிர வேறு பலமான பிடி இல்லை. சம்பவத்தின் காலமே ஆட்டம் காண்கிறது. எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில் பெரனிகே துறைக்குச் செல்லும் வழியில், புளோக்காமுஸின் அடிமை லீசாஸ் என்பவன் ஒரு பாறைப் புகலிடத்தில் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் தன் பெயரைப் பொறித்திருக்கிறான். அதன் காலம் கி.பி. 6 யூலை. எனவே புளோக்காமுஸ் கிளாடியுஸ் ஆட்சிக்கு வருவதற்கு முப்பத்தைந்து ஆண்டுகள் முன்பே தொழிலில் இருந்தவர். கப்பல் ஒதுங்கியதும் தூதர் போனதும் ஒரே காலத்தில்தானா என்ற ஐயம் அதிலிருந்து எழுகிறது.

இந்தக் கரை பெயர் சூட்டுவதில் அவசரப்படும் கரை. குதிரைமலைக்கு வடக்கே அரிப்பில் இடிந்து நிற்கும் கட்டடத்தை ஊர்மக்கள் அல்லிராணி கோட்டை என்பார்கள். அது ஆங்கிலத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்க்க 1800களின் தொடக்கத்தில் கட்டிய மாளிகை. சங்க இலக்கியத்தில் பிட்டங்கொற்றனுக்கு உரியதாக வரும் குதிரைமலை இதுவே என்று எழுதாத ஈழத்து மலர் குறைவு. புறநானூற்றைப் பிரித்துப் பார்த்தால் அந்த மலையில் அருவி விழுகிறது, மூங்கில் வளர்கிறது, குறவர் தினை விதைக்கிறார்கள், தலைவன் சேரனுக்கு அடங்கியவன். நம் குதிரைமலையில் இருப்பது முட்பற்றையும் மணலும். இதே செம்மண்ணைக் காட்டி விசயன் இறங்கிய தம்பபண்ணி இதுதான் என்போரும் உளர். ஒவ்வொருவரும் தத்தம் முன்னோரைக் கொண்டுவந்து இந்த முனையில் இறக்கிவிடுகிறார்கள். அதற்கருகே பொம்பரிப்பில் தாழிகளோடு தோண்டியெடுத்த மனிதர்கள் இருந்தார்கள். ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு ஒப்பிடத்தக்க புதைகுழிகள். அவர்களுக்குப் பெயர் இல்லாததால் அவர்களை யாரும் மேடைக்கு அழைப்பதில்லை.

பெயர் சரியாகவே தெரிந்தாலும் அது எவ்வளவு சொல்லும்? காசில் உள்ள தலை அந்தக் காசு அடித்த காலத்தைக் காட்டும். இங்கு வந்த காலத்தைக் காட்டாது. தியோடோசியுஸ் காசு அவர் இறந்து நூறாண்டு கழித்தும் கைமாறிக்கொண்டிருக்கலாம். உரோமக் காசுகள் பெரும்பாலும் உரோமர் கையால் நேராக வராமல் தென்னிந்தியத் துறைகள் வழியே இலங்கைக்கு வந்தன என்பது ஒஸ்மண்ட் போபேஆராச்சியின் வாதம். தலை உரோமருடையது, கொண்டுவந்த கை தமிழ் வணிகனுடையதாக இருக்கலாம். புதுக்கோட்டைப் பக்கத்துக் கருக்காக்குறிச்சியில் 1898இல் கிடைத்த 501 பொற்காசுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டியிருந்தது. வெட்டியவனுக்கு அகஸ்டஸும் நீரோவும் வேறுபாடில்லை. அவனுக்கு அது பொன்.

பத்திரிகைத் தொழிலில் இருந்துகொண்டே இந்தத் துறையில் உண்மையாக உழைத்தவர் தினமலர் ஆசிரியராயிருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. 2021இல் மறைந்தார். செழியன்களும் வழுதிகளும் ஏட்டில் மட்டும் இருந்த காலத்தில், ஒரு செப்புக் காசில் தமிழ் பிராமியில் பெருவழுதி என்ற பெயரை வாசித்துக் காட்டியவர். கரூர், மதுரைப் பகுதிகளில் கிடைத்த பிற்கால உரோமச் செப்புக் காசுகளுக்காகவே 1994இல் தனி நூல் எழுதினார். பெயர் எழுதியிருந்த காசுக்குத்தான் அவர் பெயர் சொன்னார் என்பது எனக்குப் படிப்பினை. பெருவழுதி என்று அதில் எழுதியிருந்தது. என் காசில் நீரோ என்று எழுதியிருக்கவில்லை.

என் கருத்து இதுதான்: பத்திரிகையில் நாணயச் செய்தி எழுதுவோர் பேரரசரின் பெயரைத் தலைப்பிலிருந்து எடுத்துவிட்டு, கிடைத்த இடத்தை அங்கே போட வேண்டும். எந்தக் காணி, எத்தனை அடி ஆழம், கூட என்ன வந்தது, எத்தனை கிராம், பின்புறத்தில் என்ன. பின்புறம் பல வேளைகளில் முகத்தைவிட அதிகம் பேசும். விழுந்த குதிரை வீரனை ஈட்டியால் குத்தும் போர்வீரன் இருந்தால் அது நான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதி என்று பேரரசர் பெயரில்லாமலே சொல்லிவிடலாம். இங்கிலாந்தில் பொதுமக்கள் கண்டெடுக்கும் பழம்பொருட்களைப் பதிவுசெய்ய 1997இல் தொடங்கிய திட்டத்தில் இதுவரை 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் கிடைத்த இடத்தோடு பதிவாகியுள்ளன. பேரரசர் யாரெனத் தெரியாத உரோமக் காசையும் அவர்கள் ஒதுக்குவதில்லை. 21 காலப்பிரிவுகள் வகுத்து அவற்றுள் பொருந்துவதில் வைக்கிறார்கள். தெரியாததற்கும் அங்கே ஒரு பெட்டி இருக்கிறது.

நம் நாட்டுச் சட்டம் வேறு. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, கண்டெடுத்தவர் அதை அரசுக்கு அறிவிக்க வேண்டும். சட்டம் நல்லது. ஆனால் அறிவித்தால் காணி போய்விடும், புதையல் தோண்டியதாகப் பொலிஸ் பிடிக்கும் என்ற அச்சம் எங்கள் கரையில் இருக்கிறது. அந்த அச்சம்தான் காசை வியாபாரியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கொண்டுவந்து கொடுத்த கடற்றொழிலாளியின் பெயரையும் ஊரையும் நூதனசாலைக் குறிப்பில் எழுதி, கையில் ஒரு பற்றுச்சீட்டும் கொடுத்தால் பாதி அச்சம் போய்விடும் என்று நம்புகிறேன். உரோமப் பேரரசரின் பெயரைத் தேடும் நேரத்தில் இந்தப் பெயரை எழுதிவிடலாம்.

அன்றிரவு பையனுக்குப் பதில் எழுதினேன். நீரோ இல்லை, தம்பி. முத்துப்பட்டி தெரிகிறது, நான்காம் அல்லது ஐந்தாம் நூற்றாண்டாக இருக்கலாம், உள்ளூரில் அடித்ததாகவும் இருக்கலாம். பேரரசர் யாரென்று இந்தப் படத்திலிருந்து என்னால் சொல்ல முடியாது, சொல்கிறவரை நம்பாதே. விற்காதே, அது குற்றம். பிறகு, எங்கே கிடைத்தது, கூட என்ன வந்தது என்று கேட்டேன்.

மூன்று நாட்கள் பதில் இல்லை. காசு போய்விட்டது என்று முடிவு செய்துவிட்டேன். நான்காம் நாள் எழுதினான். நீரோ இல்லையென்று தெரிந்ததும் வந்தவர் ஐந்நூறு ரூபா தருவதாகச் சொன்னாராம், இவன் கொடுக்கவில்லை. காசு வீட்டில் தீப்பெட்டிக்குள் இருக்கிறது. கழிவறைக் குழி வெட்டும்போது நான்கு அடி ஆழத்தில் கிடைத்ததாம்; கூடவே ஓட்டுத் துண்டுகள் வந்தன, அவற்றை வேலியோரம் கொட்டிவிட்டார்கள். என் கேள்வியைப் பார்த்தபின் போய்ப் பொறுக்கியதில் ஒன்பது துண்டுகள் அகப்பட்டன. அவற்றையும் வெள்ளைத் துணியில் பரப்பிப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். ஒன்றின் உட்புறம் கருப்பு, வெளிப்புறம் சிவப்பு.

அது எந்தக் காலத்துப் பானை என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. இம்முறை எழுதப்போவதில்லை. வரும் திங்கட்கிழமை அவனும் நானும் தீப்பெட்டியையும் துணிமூட்டையையும் எடுத்துக்கொண்டு தொல்பொருள் திணைக்களத்துக்குப் போகிறோம். பற்றுச்சீட்டு கேட்டு வாங்க வேண்டும் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.